புதிதாக வருகிறவருக்கு வேறு விலை

1929இல் ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் இங்கிலாந்து நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த சர் பெர்சிவல் பெரி, ஜெனிவாவில் இருந்த சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்திடம் ஒரு கணக்குக் கேட்டார். டெட்ராய்ட் ஆலையில் நாளொன்றுக்கு 7 டாலர் வாங்கும் தொழிலாளி எப்படி வாழ்கிறாரோ, அதே மாதிரி ஐரோப்பிய நகரங்களில் ஒரு தொழிலாளி வாழ அங்கே என்ன கூலி கொடுக்க வேண்டும்? ஐரோப்பாவில் கிளை பரப்பிக்கொண்டிருந்த கம்பெனிக்கு இது அன்றாட நடைமுறைக் கேள்வி. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை டெட்ராய்ட்டில் 100 ஃபோர்டு குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, உணவு, உடுப்பு, வாடகை, எரிபொருள் என்று ஓராண்டுச் செலவைத் துருவித் துருவி எழுதியது. ஐரோப்பியப் பகுதிக்கான ஆய்வுச் செலவுக்கு 25,000 டாலர் கொடுத்தது பாஸ்டன் கடை முதலாளி எட்வர்டு ஃபைலீன் நிறுவிய ட்வென்டியத் செஞ்சுரி ஃபண்ட்.

கேட்டது ஒரு வரி. விடை 1930களின் தொடக்கத்தில் புத்தகமாகத்தான் வந்தது. டெட்ராய்ட்டின் அந்த நூறு குடும்பங்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் கார் இருந்தது. அன்றைய பெர்லின் தொழிலாளி காரைக் கனவிலும் நினைக்கமாட்டார். அப்படியானால் பெர்லின் கணக்கில் காரைச் சேர்ப்பதா, விடுவதா? டெட்ராய்ட் குளிருக்கு எரிக்கும் நிலக்கரியை பார்சிலோனாவில் எந்தத் தலைப்பில் வைப்பது? வாரம் இத்தனை பவுண்டு மாட்டிறைச்சி தின்பது வாழ்க்கைத் தரமா, வெறும் பழக்கமா? ஆய்வாளர்கள் கடைசியில் பல நகரங்களுக்கு ஒற்றை எண்ணைத் தராமல், இதற்கும் இதற்கும் இடையில் என்று மேல்வரம்பும் கீழ்வரம்பும் தந்தார்கள்.

இன்று சென்னையிலிருந்து பெங்களூருக்கு வேலை மாறப்போகிற ஒருவர் கைபேசியில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் அரை நொடியில் ஒற்றை எண் வந்துவிடுகிறது. இவ்வளவு சதவீதம் அதிகம், அதனால் இவ்வளவு கூடுதலாகச் சம்பளம் கேள். நண்பர்களும் அதையே சொல்வார்கள், சதவீதம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஜெனிவா ஆய்வாளர்கள் தயங்கிய இடத்தில் இந்தக் கருவிகள் தயங்குவதில்லை. தயங்கியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. சென்னை, பெங்களூரு இரண்டையும் வைத்தே அதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் மனக்கணக்குப் போட்டுப் பார்க்கும் ஜோடி அதுதான்.

முதலில் கூடைச் சிக்கல். ஒரு சென்னைக் குடும்பத்தின் மாதச் செலவுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு பெங்களூரில் விலை விசாரித்தால் ஒரு தொகை வரும். பெங்களூர்க் குடும்பத்தின் பட்டியலைச் சென்னையில் விசாரித்தால் வேறொரு தொகை. ஜெர்மானியரான எட்டியென் லாஸ்பேயர்ஸ் 1871இலும் ஹெர்மன் பாஷே 1874இலும் முன்வைத்த இரண்டு குறியீட்டு முறைகளின் வேறுபாடும் இதுதான்: யாருடைய கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது? காசிமேட்டு வஞ்சிரமும் சங்கராவும் வாரம் இருமுறை அடுப்பேறும் வீட்டுக்கு, கடலில்லாத பெங்களூரில் மீன் செலவு தைக்கும். ஆண்டு முழுக்க கீசரில் குளித்துப் பழகி, ஏ.சி. இல்லாமலே கோடையைக் கடத்திய பெங்களூர்க் குடும்பம் சென்னைக்கு வந்தால் முதல் மே மாதத்திலேயே திணறும். பெங்களூருக்குப் போன சென்னைக்காரர் 'அங்கே செலவு தாங்கவில்லை' என்கிறார். சென்னைக்கு வந்த பெங்களூர்க்காரரும் அதையே சொல்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் ஊரில் எது மலிவோ அதற்கேற்பப் பழக்கங்களை அமைத்துக்கொண்டவர். அந்தப் பழக்கங்களை இன்னோர் ஊரில் விலைபேசினால் கணக்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். ஓராண்டு கழித்துப் பட்டியல் தானாக மாறும். மீன் குறையும், வேறேதோ கூடும்.

உலக நகரங்களை வரிசைப்படுத்தும் பெரிய ஆய்வுகளின் கூடை நமக்கு இன்னும் அன்னியம். மெர்சர், எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் போன்றவற்றின் பட்டியல்கள் பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிகளை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றின் அளவுகோல் நியூயார்க். இட்லி மாவுக்கும் கேன் தண்ணீருக்கும் அங்கே என்ன இடம் இருந்துவிடப்போகிறது. நம்பியோ போன்ற தளங்களில் விலைகளைப் பதிவது தாமாக முன்வரும் பயனர்கள். எந்தப் பேட்டையில் வசிப்பவர், என்ன சம்பளக்காரர் அதில் வந்து விலை எழுதுவார் என்று யோசித்தால் அந்தச் சராசரி யாருடையது என்பது விளங்கும்.

அரசுப் புள்ளிவிவரம் கைகொடுக்காதா? தொழிலாளர் பணியகம் 88 மையங்களுக்கு நுகர்வோர் விலைக் குறியீட்டெண் வெளியிடுகிறது. சென்னைக்கும் உண்டு, பெங்களூருக்கும் உண்டு. ஆனால் ஒவ்வொரு மையத்துக்கும் 2016ஆம் ஆண்டின் விலைமட்டம்தான் 100. ஒரு மையத்தின் எண் 150, இன்னொன்றின் எண் 140 என்றால், 2016க்குப் பிறகு முதல் ஊரில் விலை வேகமாக ஏறியிருக்கிறது என்று மட்டுமே பொருள். எந்த ஊர் விலை அதிகம் என்பதற்கு அதில் பதில் கிடையாது. படித்தவர்களே இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றிய அரசு தன் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி கொடுக்க நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்திருக்கிறது. சென்னையும் பெங்களூரும் எக்ஸ். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். மதுரை, கோவை ஒய், 20 சதவீதம். பார்வைக்கு வாடகை ஒப்பீடு போலத் தெரியும். பிரித்த அளவுகோலோ மக்கள்தொகை: 50 லட்சத்தைத் தாண்டினால் எக்ஸ். இன்னொரு பக்கம், 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகள் வாடகைப்படி விலக்குக்குச் சம்பளத்தில் 50 சதவீத வரம்பை மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை நான்குக்கு மட்டும் கொடுத்தன. பெங்களூரு மற்ற ஊர்களோடு சேர்த்து 40 சதவீதத்தில் நின்றது. ஒரே அரசின் ஒரு துறைக்கு இரண்டு ஊரும் சமம், இன்னொரு துறையின் அந்த விதிகளுக்குச் சென்னைதான் வாடகை கூடிய ஊராக இருந்தது. பெங்களூரில் வீடு தேடிய எவரிடமும் இதைச் சொன்னால் சிரிப்பார்.

தேசிய மாதிரி ஆய்வின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இவற்றைவிடப் பயனுள்ளது. அதன்படி நகர்ப்புறத்தில் தலைக்கு மாதச் செலவு தமிழ்நாட்டில் 7,630 ரூபாய், கர்நாடகத்தில் 7,666 ரூபாய். வித்தியாசம் 36 ரூபாய்! மாநிலச் சராசரி நகரச் சராசரி ஆகாது என்பதை ஒப்புக்கொண்டாலும், செலவு என்பது விலை ஆகாது என்பதையும் ஒப்புக்கொண்டாலும், இந்த நெருக்கம் வியப்பானது. அதே கணக்கெடுப்பில் இந்திய நகர்ப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 39.17 சதவீதம். வாடகையின் பங்கு வெறும் 6.56 சதவீதம்.

இந்த 6.56 சதவீதத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளத்தில் கால்வாசியை வாடகைக்கு எடுத்துவைக்கும் யாருக்கும் இது ஏதோ அச்சுப்பிழை போலத் தோன்றும். பிழை கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புற இந்தியாவில் வாடகைக் குடித்தனங்கள் 27.5 சதவீதம்தான்; பெரும்பாலானோர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களின் வாடகைச் செலவு பூஜ்யம். 6.56ஐ 0.275ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 24 வருகிறது. இரண்டு கணக்கெடுப்புகளும் வேறு வேறு ஆண்டுகளுடையவை, கணக்கு கரடுமுரடானதுதான். ஆனாலும் வாடகைக்காரர் செலவில் கால்வாசி என்ற நம் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. நகரத்தின் 'வாழ்க்கைச் செலவு' என்று வெளிவரும் எந்தச் சராசரியும் ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் சராசரி. அவர்களில் பலருக்குச் சொந்த வீடு. பலர் ஐந்து வருடத்துக்கு முந்தைய வாடகையில் இருப்பவர்கள். ரேஷன் கார்டும் உள்ளூர் முகவரியும் உள்ளவர்கள், எந்தத் தெருவில் எது மலிவு என்று தெரிந்தவர்கள். குடிபெயரும் குடும்பம் அந்தச் சராசரிக்குள் நுழைவதில்லை. அது விளிம்பில் நிற்கிறது. இன்றைய தேதியில் காலியாக இருக்கும் வீட்டை, இன்றைய விலைக்கு, ஊர் தெரியாதவராக வாங்குகிறது. மதுரையில் சொந்த வீட்டில் இருந்தவர் பெங்களூருக்குப் போகும்போது இரண்டு ஊர் வாடகைகளின் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் தப்பு. அவருக்கு மதுரை வாடகை சுழியம். விட்டுப்போன வீட்டுக்கு வாடகை வந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம், பூட்டிக் கிடந்தால் அதுவும் இல்லை.

பெங்களூர் வீட்டு அட்வான்ஸை எடுத்துக்கொள்வோம். பத்து மாத வாடகை என்பது அந்த ஊரின் பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு என்று பேரம் படிகிற இடங்களும் உண்டு. சென்னையிலும் அந்த வழக்கம் இருந்ததுதான். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. சட்டத்தை எத்தனை வீட்டுக்காரர்கள் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

கணக்குக்காக மாத வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 3 லட்சம். வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 21,000, மாதத்துக்கு 1,750 ரூபாய் வந்திருக்கும். கடன் வாங்கிக் கட்டியிருந்தால் இன்னும் கூடுதலாகக் கையிலிருந்து போகும். காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே எழுதப்பட்ட, எழுதப்படாத விதி. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. ஓராண்டில் காலி செய்தால் இந்த இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 5,000 ரூபாய். ஆக, 30,000 என்று பேசிய வீட்டின் உண்மையான வாடகை 36,750. மூன்று ஆண்டு அதே வீட்டில் இருந்தால் பெயின்டிங்கும் புரோக்கரும் மாதத்துக்கு 1,667 ஆகச் சுருங்கி, வாடகை 33,400 அளவில் நிற்கும், ஆண்டு உயர்வு தனி. ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே ஒப்பந்தம். எவ்வளவு காலம் இருக்கப்போகிறீர்கள் என்பதை வைத்து விலை மாறுகிறது. ஆன்லைன் ஒப்பீட்டில் இந்த 6,750 ரூபாய்க்கு இடமே இல்லை.

வீடு கிடைப்பதற்கும் விலை உண்டு. அந்த விலை எல்லோருக்கும் ஒன்று கிடையாது. சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடிப் பார்த்து 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதினார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்பட்டார்கள். வீடு தர ஒப்புக்கொண்ட சிலரும் நியாயமற்ற நிபந்தனை வைத்தார்கள். 'சைவர்களுக்கு மட்டும்' என்ற பலகையைச் சென்னையில் மயிலாப்பூர் பக்கம் பார்க்காதவர் குறைவு. பெங்களூரிலும் அந்தக் கேள்வி தொலைபேசியிலேயே வந்துவிடும். சொந்த ஊரில் இருப்பவருக்கு இது எரிச்சல். பதினைந்து நாளில் வேலையில் சேர வேண்டிய புதியவருக்கு இது பணம்: கிடைத்த வீட்டைக் கேட்ட வாடகைக்கு எடுப்பார்.

மின்சாரத்துக்கு வருவோம். சென்னையில் ஏ.சி. ஓடும், பெங்களூரு கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் ஓடாது, ஆகவே பெங்களூரில் இந்தச் செலவு மிச்சம் என்று எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு மாநிலத்துக் கட்டண அமைப்பு அதைவிடச் சுவாரசியமானது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு ஒரு விகிதம், தாண்டியவருக்கு வேறு விகிதம். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501ஆவது யூனிட் ஓடினால் பில் 1,958. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2.25 ரூபாய் என்று இருந்தது 4.50 ஆகிவிடுவதால், ஒரே ஒரு யூனிட் 233 ரூபாய் ஆகிறது. அதற்குப் பிறகு விகிதங்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. இந்தப் படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் என்றே வைத்தாலும், இரவு எட்டு மணி நேரம், அறுபது நாள், 480 யூனிட். மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் அதற்கு மேல். கோடையில் சென்னைக் குடும்பம் 500ஐத் தாண்டாமல் இருப்பது கஷ்டம்.

இதெல்லாம் தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு. சென்னையில் மாடிப் போர்ஷனுக்குக் குடிபோகிறவர் பலருக்குக் கிடைப்பது வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தட்டையான விகிதம். அரசு தரும் இலவச 100 யூனிட் அவர் கண்ணில் படாமலே போய்விடும்.

கர்நாடகத்தில் 2023 ஜூலையில் கிருக ஜோதி திட்டம் வந்தது. மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்று தலைப்புச் செய்தி. உள்ளே போய்ப் பார்த்தால், அந்த இணைப்பில் முந்தைய ஆண்டு ஓடிய மாதச் சராசரிக்குச் சற்று மேல் வரைதான் இலவசம், 200 என்பது உச்சவரம்பு. பழைய சராசரி இல்லாத இணைப்புக்கு, மாநிலச் சராசரி என்று 53 யூனிட்டை அடிப்படையாக வைத்தார்கள். உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் எவ்வளவு மின்சாரம் செலவழித்தாரோ, அதுதான் உங்கள் சலுகை. எதிரெதிர் வாசலில், ஒரே அளவு மின்சாரம் ஓட்டும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு பில் பூஜ்யமாகவும் மற்றதற்குப் பல நூறாகவும் வரலாம். புதிதாகக் கட்டிய அடுக்ககத்தில் குடியேறும் வெளியூர்க்காரர் பெரும்பாலும் இரண்டாவது வகை.

இதுவரை சொன்னது வீட்டுக்குள். மாநில எல்லை என்ற கோடும் குடும்ப பட்ஜெட்டுக்குள் ஓடுகிறது. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் அந்தக் கோடு தெரிகிறது. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் எந்த ஊர் என்று கேட்பதில்லை. பீகாரிலிருந்து நேற்று வந்த பெண்ணுக்கும் அதே சீட்டு. கர்நாடகத்தின் சக்தி திட்டம் 2023 ஜூன் 11இல் தொடங்கியது. குளிர்சாதனமில்லாத சாதாரணப் பேருந்துகளில் அதுவும் இலவசம், ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெண் ஆதாரில் முகவரி மாற்றும்வரை டிக்கெட் எடுப்பார். பெங்களூரிலிருந்து சென்னைக்கு வருகிற பெண்ணுக்கு முதல் நாளே இலவசம். ஒரே பெயரில் பேசப்படும் சலுகை, திசையைப் பொறுத்து மாறுகிறது.

வண்டியும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கர்நாடகத்தில் புது காருக்கான வாழ்நாள் வரி, விலையைப் பொறுத்து 13 முதல் 18 சதவீதம் என்று பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறைத்துக் கட்டச் சொல்வார்கள். பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, புது இடத்தில் வரியைக் கட்டி, பிறகு தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மீதியைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கட்டுவது நிச்சயம். திரும்ப வருவதற்கு அலைய வேண்டும். 2021இல் வந்த பி.ஹெச். வரிசைப் பதிவு இதற்குத் தீர்வு. ஆனால் அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் மட்டும்தான் அது. பழைய ஐந்து வருட காரோடு போகிறவர் அதை விற்றுவிட்டுப் போவதே பல நேரம் லாபம்.

தொழில்வரி இரண்டு மாநிலத்திலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவு வைத்த வரம்பு அது. அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

பெங்களூரு என்றதும் மென்பொருள் ஊழியர் மட்டுமே நினைவுக்கு வருவது நம் ஒப்பீடுகளின் பெரிய குறை. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் போகிறவர்களுக்கு இந்த எல்லைக்கோடு இன்னும் ஆழமாக வெட்டுகிறது. தமிழ்நாட்டில் அரிசி கார்டு உள்ள குடும்பத்துக்கு விலையில்லா அரிசி. அதோடு கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தானியத்துக்கு மட்டும். தமிழ்நாடு தன் காசில் கொடுக்கும் பருப்பும் எண்ணெயும் ஓசூரோடு நின்றுவிடும். கர்நாடகத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருக லட்சுமிக்கு அந்த மாநில ரேஷன் கார்டு வேண்டும். அதை வாங்க இங்கே உள்ள கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். நீக்கினால் இங்கே 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் போகும். ஒரு கார்டை விட்டு இன்னொன்று கைக்கு வரும்வரை இரண்டும் இல்லாத மாதங்கள் இருக்கும். நாள்கூலிக் குடும்பங்கள் பல, பெண்ணும் பிள்ளைகளும் ஊரில் கார்டோடு இருக்க, ஆண் மட்டும் போவது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் எந்த மென்பொருளும் இல்லாமல் போட்ட கணக்கு நம் ஒப்பீட்டுப் பட்டியல்களைவிடச் சரியானது. இரண்டு அடுப்பு எரியும் செலவையும், மாதம் ஒருமுறை ஊருக்கு வரும் பஸ் காசையும்கூட அதில் சேர்த்திருக்கிறார்கள்.

தண்ணீரிலும் போக்குவரத்திலும் பெங்களூரின் கெட்ட பெயருக்கும் எண்களுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. 2024 மார்ச்சில் பெங்களூரு நிர்வாகம் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று உச்சவிலை வைக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. எந்த ஊர் என்பதைவிட எந்த வார்டு, குழாய் இணைப்பா போர்வெல்லா லாரியா என்பதுதான் தண்ணீர்ச் செலவைத் தீர்மானிக்கிறது. பயணமும் அப்படியே. டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்கில் 10 கிலோமீட்டர் கடக்கப் பெங்களூரில் 34 நிமிடத்துக்குச் சற்று மேல், சென்னையில் 30 நிமிடத்துக்குச் சற்று மேல். மீம்களில் தெரியும் தூரம் இதில் இல்லை. மெட்ரோ கட்டணத்தில் வித்தியாசம் கண்கூடு: 2021இல் சென்னை மெட்ரோ உச்சக் கட்டணத்தை 70லிருந்து 50 ரூபாயாகக் குறைத்தது; 2025 பிப்ரவரியில் பெங்களூரு மெட்ரோ 60லிருந்து 90 ஆக ஏற்றியது.

இத்தனை செலவு கூடிய ஊருக்கு மக்கள் ஏன் போய்க்கொண்டே இருக்கிறார்கள்? பொருளியலாளர்கள் ஷெர்வின் ரோசன் (1979), ஜெனிஃபர் ரோபேக் (1982) இருவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். சம்பளமும் வாடகையும் தனித்தனியே நிர்ணயமாவதில்லை. ஓர் ஊரின் வேலைவாய்ப்பு, தட்பவெப்பம், வசதிகள் எல்லாவற்றின் மதிப்பும் அந்த ஊர் மனைவிலைக்குள்ளும் சம்பளத்துக்குள்ளும் ஏறிக்கொள்கிறது. பெங்களூரின் குளுகுளு மாலைக்கும், ஒரு வேலை போனால் அடுத்த மாதமே இன்னொன்று கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கும் அங்குள்ள வீட்டுக்காரர் வாடகை வசூலிக்கிறார். அந்த நம்பிக்கை தேவைப்படும் 26 வயது நிரலாளருக்கு அது நியாயமான விலை. மாற்றலில் போகும் வங்கி அதிகாரிக்கு வேலை போகும் பயமே கிடையாது. பயன்படுத்தாத வசதிக்கும் சேர்த்துத்தான் அவர் வாடகை கொடுக்கிறார். ஒரே சம்பளம் வாங்கினாலும் இருவருக்கும் பெங்களூரு ஒரே விலை ஆகாது.

ஆகவே ஒப்பீடு செய்ய உட்காருபவருக்கு ஒற்றைச் சதவீதத்தால் பயனில்லை. முதல் ஆண்டுக்கு ஒன்று, மூன்றாம் ஆண்டுக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு போட்டால் போதும். அட்வான்ஸ், புரோக்கர், லாரி வாடகை, பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், வண்டி வரி, முகவரி மாற்றும்வரை கிடைக்காத சலுகைகள் எல்லாம் முதல் கணக்கில் விழும். ஊர் பழகிய பிறகு மாறும் கூடை, வாடகை உயர்வு, வயதான பெற்றோரைப் பார்க்க வரும் பயணம் எல்லாம் இரண்டாவதில். பயணக் கணக்கில் சொந்த ஊர் எது என்பது முக்கியம். சேலத்துக்காரருக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். திருநெல்வேலிக்காரருக்குப் பொங்கல் சமயத்து ஆம்னி பஸ் கட்டணம் ஒன்றே போதும், சம்பள உயர்வின் ஒரு பகுதியைத் தின்ன.

ரூபாயில் எழுத முடியாத ஒரு தலைப்பு மிஞ்சுகிறது. நடுத்தரக் குடும்பங்கள் கடைசியாக நினைப்பதும், என் பார்வையில் முதலில் நினைக்க வேண்டியதும் அதுதான். பட்டியல் சாதி, பழங்குடியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், சொந்த மாநிலத்தின் சான்றிதழை வைத்து அங்கே இடஒதுக்கீடு கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மருத்துவம், பொறியியல் இடங்களுக்குக் கர்நாடக மாநில ஒதுக்கீட்டில் போட்டியிட முதன்மையான வழி, 12ஆம் வகுப்புக்குள் குறைந்தது ஏழு ஆண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருப்பது. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை இங்கேயே படித்தவருக்கு இருப்பிடச் சான்று கேட்பதில்லை; வெளியே படித்தவர் பெற்றோரின் ஆவணங்களோடு பூர்விகத்தை நிரூபிக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கோ அந்த ஏழு ஆண்டும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியாகவே இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் பெங்களூருக்குப் போன பிள்ளைக்கு அங்கே ஐந்து ஆண்டுதான் சேரும், இங்கே இரண்டு. கம்பெனியிடம் சம்பளம் பேசும் நேரத்தில் இதைக் கேட்பவர் யாருமில்லை. பிள்ளை அப்போது ஏழாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்.